பாட்டிலைக் கொண்டு வாருங்கள்

17.11.1981, செவ்வாய்

எந்தப் பூச்சிமருந்துக்கு எந்த ஊசி பலிக்கிறது என்ற என் ஆய்வுக் கட்டுரை மூன்றாவது முறையும் திரும்பி வந்துவிட்டது. குடித்தது எந்த மருந்தென்று நிரூபணம் இல்லையாம். அதற்காகத்தான் கூடலூர் வரை ஊர் ஊராகப் போய், யாராவது குடித்துவிட்டால் பாட்டிலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள் என்று தொண்டை கிழியச் சொல்லிவந்தேன். ஒருவரும் கொண்டுவந்ததில்லை.

இன்று மத்தியானம் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் மகளை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார். மடியிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். அதில் லேபிள் இல்லை, வாடைகூட இல்லை.

“நீங்கதான கொண்டாரச் சொன்னீக, டாக்டரய்யா. ஒங்க கையில குடுக்கிறதாச்சேன்னு சாம்பல் போட்டு நல்லாக் கழுவிட்டேன்.”

மருந்தின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாகத்தான் ஊசி போட்டேன். சாயங்காலம் அந்தப் பெண் இறந்துபோனாள். அப்பன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பாட்டில் என் மேஜைமேல் பளபளவென்று இருக்கிறது. கழுவக் கூடாது என்று நான் எந்த ஊரிலும் சொல்லவில்லை.

அவர் கழுவி முடிக்கிற வரைக்கும் மகளை ஏற்றிய ஜீப் அவர் வீட்டு வாசலில் நின்றதாம். டிரைவர் சொன்னான்.