பக்கத்து இருக்கை

என் அன்பு மனைவிக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? ஊரில் அம்மா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறார்களா? நான் நலம்.

நேற்று சரக்கு வேன் ஓட்டும்போது கை லேசாக நடுங்கியது. பயப்படாதே. ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்கு மாறி, குளுக்கோஸ் மாத்திரையை மென்றேன். சர்க்கரை ஏறிய பிறகும் முக்கால் மணி நேரம் வண்டியைத் தொடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

"டிரைவர் எங்கப்பா?"

"நான்தான் சார். சர்க்கரை இறங்கிடுச்சு. ஏறினதும் எடுத்துடுவேன்."

"தனியாவா இருக்கே? வீட்ல யாரையாவது வரச் சொல்லேன்."

"மனைவி வந்துக்கிட்டு இருக்காங்க சார்."

நம்பிப் போய்விட்டார். அதன் பிறகு நானும் அடிக்கடி பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்ன வேலை. நான் வண்டி எடுக்கும்போதெல்லாம் "சாப்டீங்களா?" என்று கேட்பாயே, அதை அதே அதட்டலோடு போனில் பதிவுசெய்து அனுப்பு. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் இனி சாவியைத் திருப்புவேன்.

சரக்கு ஏற்றியாயிற்று, கூப்பிடுகிறார்கள். ரத்தம் சோதித்துவிட்டுக் கிளம்புகிறேன். சத்தியமாக.

உன்னவன்