கோரைக்குள் விழுந்த மடையான்

அன்பு மகளுக்கு,

"தாத்தா, அதுக்கு இன்னும் வலிச்சிகினு இருக்குமா?" என்று உன் மகள் அன்று கேட்டாள். சேவூர் ஏரியில் அவள் உண்டிவில்லால் அடித்த மடையான் கொக்கு, இறக்கை ஒடிந்து கோரைக்குள் விழுந்திருந்தது.

அடிபட்டதைத் தேடி எடுத்து, அதன் வலியை முடித்த பிறகே வீடு திரும்ப வேண்டும். உனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அன்று சேற்றில் இறங்க என் முழங்காலுக்குத் தெம்பில்லை.

"பறந்து போச்சுடி கண்ணு" என்றேன். நம்பிவிட்டாள்.

நேற்று போனில், "அடிச்சாலும் ஒண்ணும் ஆவாது தாத்தா, பறந்துடும். மறுபடி போலாமா?" என்று சிரிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளைத் திருத்தியவன், என் பொய்யைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து வா. நான் உண்மையைச் சொல்லும்போது, எனக்காகப் பரிந்து பேசாதே.

உன் அப்பா