வெற்றியின் பங்குக் களி

ரேணுகாவுக்கு,

நேற்று பேச்சு நடந்தபோது இருந்தவர்கள் நான், நீ, அங்கன்வாடி டீச்சர் அம்சவல்லி, உன் மடியில் இளவரசி. என் மகன் வெற்றிச்செல்வனும் கதவோரம் நின்றதாகவே எனக்குப் பட்டது.

“போய்ச் சேந்தவருக்கு எத்தினி நாளு களி எடுத்து வெக்கச் சொல்வீங்க, புள்ளைக்கு இன்னா வழி மாமா?” என்று பிறத்தியார் எதிரில் நீ கேட்டது தப்பு. கேள்வி தப்பில்லை.

தகப்பனை இழந்த பிள்ளைக்கு அரசு மாதாமாதம் தரும் உதவிக்கு எழுதிக்கொடுக்கப் போளூர் போகிறேன். அவனுடைய இறப்புச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன். இது பிச்சை அல்ல, என் பேத்திக்குச் சேர வேண்டியது.

பெட்டிச் சாவி மாடத்தில் இருக்கிறது. இன்று அவன் பங்குக் களியை மூடி வைக்காதே. இளவரசிக்குக் கொடு.

அர்ச்சுனன்

பி.கு.: இருட்டியபின் தெரு வளைவில் அவன் பைக் சத்தம் கேட்டால் எழுந்து போகாதே. எனக்கும் கேட்கிறது.

அவன் திருப்பூரில் வேலையில் இருப்பதாக ஊரில் பேச்சு; கேட்டவர்களிடம் அப்படிச் சொன்னது நான்தான். இல்லை. வெற்றிச்செல்வன் இறந்துவிட்டான்.