முந்நூறு கிராம்

ஜனவரி 21, 2025, செவ்வாய்

திருவனந்தபுரம் போய் வந்தாயிற்று. ஸ்கேனில் ஒன்றுமில்லை. டாக்டரம்மா ஃபைலை மூடி, "இனி ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும் ஷிபா. வேலைக்குப் போகலாம்" என்றார். எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். அப்புறம்தான், "இடது கையில கனம் வேண்டாம் கேட்டியா. மார்க்கட்டியோட கக்கத்து நிணநீர் முடிச்சும் எடுத்த பக்கத்துக் கை. வீங்கும்."

கேமராவில் லென்ஸைத் தாங்குவது இடது கைதானே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நல்ல சேதியை நல்ல சேதியாகவே வீட்டுக்குக் கொண்டுவர ஆசை.

பெனின் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இது முதல் தடவை. மாதாவே, நன்றி.

ஜனவரி 23

பதினோரு மாதமாகக் கிடந்த பையைத் திறந்தேன். கேமராவுக்கு உயிர் இருக்கிறது. வைட் லென்ஸ் போயிற்று. உள்கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. கடல் காற்று, ஒரு மழைக்காலம், பூட்டின அலமாரி. எடுத்து வெளியே வைக்க யார் இருந்தார்கள்? எனக்கு நோய் வந்த வருஷம் அதற்கும் வந்துவிட்டது.

அழத்தான் நினைத்தேன். சிரிப்பு வந்தது.

வைட் இல்லாமல் எங்கள் இனயத்தில் கல்யாணம் எடுக்க முடியாது. பெண் வீட்டில் எட்டுக்குப் பத்து அறை. அதில் கட்டில், அலமாரி, பெண், ஆறு அத்தைமார். பின்னால் ஓரடி நகர இடம் இராது. சாதா லென்ஸ் வைத்தால் ஒரு அத்தைக்குத் தோள் போகும், இன்னொருத்திக்குப் பாதி முகம். பத்து வருஷம் சொல்லிக் காட்டுவார்கள்.

ஜனவரி 30

புதிதாக வாங்க இரண்டு வைட் ஜூம் லென்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டில் ஒன்று.

பெரியதன் திறப்பு எண் 2.8. இருட்டிலும் வெளிச்சத்தை அள்ளும். எண்ணூற்று நாற்பது கிராம். சின்னதற்கு 4. அதன் வழியே பாதி வெளிச்சம்தான் வரும். ஐந்நூற்று நாற்பது. விலையும் குறைவுதான், ஆனால் என் யோசனை அதில் இல்லை. முந்நூறு கிராம் என்பது என்ன? மூன்று சோப்புக் கட்டி.

கருங்கலில் ததேயுஸ் அண்ணன் ஸ்டுடியோவுக்குப் போனேன். பன்னிரண்டு வருஷமாக எனக்கும் அவருக்கும் போட்டி. நான் படுத்திருந்தபோது என் கல்யாணங்களை எல்லாம் அவர்தான் எடுத்தார். மனசில் அந்தக் கறுப்பு இருந்தது, இல்லையென்று எழுதினால் பொய்.

"இருட்டுக் கோயிலுக்கு 2.8 இல்லாம என்ன படம்? எனக்கதைக் கொண்டு போ, ஒரு மாசம் வச்சுப் பாரு" என்று தன் லென்ஸையே கையில் தந்தார். நான் படியிறங்கும்போது, "உங்க ஊரு லீமாக்க மவளுக்கு ஏப்ரல்ல கல்யாணம். எனக்க கிட்ட வந்தா. ஷிபா எழும்பி வந்திருவா, அவ கிட்ட போ-ன்னு அனுப்பியிருக்கேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா?

ஞானஸ்நானம். ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் வேலை. ததேயுஸ் அண்ணனின் லென்ஸ். முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. சாமியார் குழந்தையின் தலைக்குமேல் தண்ணீரை எடுத்தார் — கை இறங்கிவிட்டது. நான் இறக்கவில்லை, தானாக. திரும்பத் தூக்குவதற்குள் குழந்தையின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கேமராவில் பார்த்தேன். தரை. யாருடைய செருப்போ.

அந்தத் தாயிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல அக்கா, போன்ல யாராவது எடுத்திருப்பாங்க" என்றாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 10

கை வீங்கியிருக்கிறது. வளையல் ஏறவில்லை.

பிப்ரவரி 11

பெனினோடு சண்டை. "அந்த முந்நூறு கிராமுக்கு எதுக்கு இந்த வாசி? சின்னத வாங்கேன்" என்றார். எனக்கு வந்த கோபம்! ஆமா, வாசிதான். பிடிவாதம்தான். என்னத்த எல்லாம் வெட்டி எடுத்துக் கொடுத்தாச்சு, முடி போச்சு, ஒரு வருஷம் போச்சு, இனி லென்ஸும் சின்னதா? ஊர்ல எல்லாவனும் பெரிசு வச்சிருக்கான், எனக்கு மட்டும் பாதி வெளிச்சமா?

கத்திவிட்டேன். அவர் போய்ச் சட்டியில் மீன் குழம்பைச் சூடாக்கிக் கொண்டுவந்தார்.

லென்ஸைப் பற்றித்தான் கத்தினேனா?

பிப்ரவரி 17

கைப்பயிற்சி சொல்லித்தரும் ஓமனா சேச்சியிடம் போனேன். அளவெடுத்துத் தந்த அழுத்த உறையை ஏன் போடவில்லை என்று கேட்டார். மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கிப் பிடிக்கிற உறை. கட்டிலடியில் கிடக்கிறது.

"ஆளுங்க பாப்பாங்க சேச்சி. என்னன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லணும். கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடுறோம், அத ஒளிச்சா வைக்கிறோம்?"

கேமராவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ததேயுஸ் அண்ணனின் லென்ஸோடு இறக்காமல் பிடிக்கச் சொல்லிக் கடிகாரம் பார்த்தார். அங்கிருந்த வேறொரு உறையைப் போட்டும் நாலு நிமிஷத்தில் விரல் மரத்தது. "உனக்க கை பொய் சொல்லாது மக்களே" என்றார்.

மார்ச் 1, சனி

நாகர்கோவில். கடைக்காரர் நல்ல மனுஷர். சின்ன லென்ஸை என் கேமராவில் மாட்டி, "பக்கத்து மாதா கோயில்ல போய் எடுத்துப் பாத்துட்டு வாங்க" என்றார். பெனின் பிணையாகக் கடையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கோயிலில் யாருமில்லை. பீடத்துக்கு முன்னால் ஒரே இடத்தில் நின்று முதலில் கையோடு கொண்டுபோயிருந்த ததேயுஸ் அண்ணனின் பெரியதில் ஒன்று, பிறகு சின்னதில் ஒன்று. சின்னதில் இருட்டுப் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாக, ரவை தூவினதுபோல. கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கூடுதல் அகலம் விழுகிறது. பெரியது பதினைந்து மில்லிமீட்டரில் நிற்கும், இது பதினான்குவரை இறங்கும்; எண் குறைந்தால் அகலம் கூடும். இரண்டு பக்கச் சன்னலும் உள்ளே வந்துவிட்டன.

முழந்தாளிட்டு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொன்னேன். லென்ஸுக்காகவா என்று சிரிக்காதே, ஷிபா.

மார்ச் 4

இரண்டு படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ததேயுஸ் அண்ணன் மேசையில் வைத்தேன். எது எதுவென்று சொல்லவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது எனக்கது. இது சின்னது."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வித்தியாசம் இருக்கு. இல்லேன்னு உனக்க கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டுலயும் படம் இருக்குல்லா? அந்த ஞானஸ்நானத்துல உனக்குப் படமே இல்லியே, மக்கா."

ஞானஸ்நான விஷயம் அவர்வரைக்கும் வந்திருக்கிறது. இனயத்துக்கும் கருங்கலுக்கும் தூரமா என்ன!

அவர் லென்ஸைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். கல்யாணங்களை அவர் எடுத்தது எனக்கு வலித்தது என்றும், லீமா அக்காவை என்னிடம் அனுப்பியதற்கு நன்றி என்றும். "போ ஏட்டி" என்று டீ வாங்கித் தந்தார்.

மார்ச் 8

சின்னதையே வாங்கியாயிற்று. பெனின் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தார். ஐந்நூற்று நாற்பது. சரியாக.

ஏப்ரல் 28, திங்கள்

லீமா அக்கா மகளின் கல்யாணம். காலை ஆறு முதல் மதியம் இரண்டரை வரை.

உறையைச் சேலையால் மறைக்காமல் தெரியும்படி போட்டுக்கொண்டு போனேன். முதல் அரை மணி எல்லோரும் பார்த்தார்கள். பிறகு பெண்ணைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பெண்ணின் அறையில் அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். வைட் லென்ஸில் ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபட்டுப்போகும். அதனால் ஒரு ஓரத்தில் கதவு, மறு ஓரத்தில் திரைச்சீலை. எல்லா அத்தைமாரையும் நடுவில் நெருக்கி நிறுத்தினேன். "மூச்சு விடலாமா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தபோது அழுத்தினேன். ஒரு தோள்கூட வெட்டுப்படவில்லை.

கோயிலில் இருட்டுதான். ரவை விழுந்திருக்கிறது. ஆனால் தாலி கட்டும்போது என் கை நின்றது. மூன்று முடிச்சும் இருக்கிறது. முதல் முடிச்சில் லீமா அக்கா கண்ணை மூடிக்கொண்டு நிற்பதும் ஓரமாக விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றினேன். கொஞ்சம் வீக்கம். தலையணையில் உயர்த்தி வைத்தேன், இறங்கிவிட்டது. எல்லாருக்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது. ஓமனா சேச்சிக்கு, கடைக்காரருக்கு, மீன் குழம்புக்கு.

மே 19

ஆல்பம் கொடுக்க லீமா அக்கா வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாலி கட்டும் படத்தில் நிறுத்தி வெகுநேரம் பார்த்தார்.

பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஷிபா, அன்னைக்கு உனக்க கையில அந்த உறையப் பாத்தேன். கேக்கணும்னு நினைச்சேன்." பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் மாருல ஒண்ணு தட்டுப்படுது. பொங்கலுக்கு முன்னாலே இருந்து. மவளுக்க கல்யாணம் முடியட்டும்னு யாருட்டயும் சொல்லல."

கண்ணை மூடிக்கொண்டு நின்றது அதற்காகவா?

 நாளைக் காலை முதல் பஸ்ஸில் திருவனந்தபுரம் போகலாம் என்றேன். "பேடியா இருக்கு" என்றார். "எனக்கும்தான் பயம் இருந்துது. நான் கூட வாறேன்" என்றேன்.

மே 31, சனி

திருவனந்தபுரம். லீமா அக்காவின் முடிவு வந்தது. நோய்தான். ஆனால் சின்னது, பரவவில்லை. புதன்கிழமை ஆபரேஷன். டாக்டரம்மா என்னைக் காட்டி, "இவளைப் பாருங்க, கல்யாணம் எடுத்துட்டுத் திரியுறா" என்றார்.

லீமா அக்கா வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அப்புறம் பசிக்கிறது என்றார். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி ஆளுக்கு இரண்டு தின்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். இடது பக்கம்தான். களியக்காவிளை எல்லை வரும்வரை நான் அசையவில்லை.