பதினெட்டு தடவையும் எழுபத்திரண்டு

அனுப்புநர்:
கா. ஹாஜா மைதீன்,
தர ஆய்வாளர் (கார் உதிரிபாகத் தொழிற்சாலை, மறைமலை நகர்),
மேற்குத் தாம்பரம், சென்னை – 45.

பெறுநர்:
மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: நலம்பெருக்கி மருத்துவமனையில் நாடி எண்ணாமல் இதய மாத்திரை கொடுப்பது – 12ஆம் படுக்கை கிளியம்மாளின் உயிரைக் காக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி ஷம்சாத் (51) இதயப் பலவீனத்துக்காக 3.3.2006 அன்று மேற்படி மருத்துவமனையில் சேர்ந்தார். டிகாக்சின் மாத்திரை எழுதிய டாக்டர், கொடுக்குமுன் ஒரு நிமிடம் முழுக்க நாடி எண்ண வேண்டும், அறுபதுக்குக் குறைந்தால் நிறுத்திவிட்டுத் தனக்குச் சொல்ல வேண்டும் என்று அட்டையில் சிவப்பு மையால் எழுதினார். உடம்பில் மிஞ்சினால் இதயத்தையே நிறுத்தக்கூடிய மாத்திரை அது. சிவப்பு மைக்கு அங்கே மிகுந்த மரியாதை. யாரும் அதைத் தொடவில்லை.

2. ஐந்தாம் நாள் வாந்தி. மறுநாள், "ஏங்க, இட்லியில இன்னாத்துக்கு மஞ்சத்தூள் போட்டு வெச்சிருக்காங்க?" என்றார். இட்லி வெள்ளையாகத்தான் இருந்தது; அந்த மாத்திரை உடம்பில் மிஞ்சினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியுமாம். 9ஆம் தேதி காலை நானே நாடியை எண்ணினேன்: 44. அட்டையில் 72. பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸில் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இன்றும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்.

3. புறப்படும்போது வாங்கிய அட்டையின் நகலை இணைத்துள்ளேன். 4ஆம் தேதி முதல் ஆறு நாள், நாளுக்கு மூன்றாகப் பதினெட்டு பதிவுகள், பதினெட்டும் 72. ஷம்சாத் கிளம்பிப் போன பிறகும் அவரது நாடி அங்கேயே தங்கி, மதியம் இரண்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒழுங்காகத் துடித்திருக்கிறது. விசாரித்ததில், "அதெல்லாம் காலையிலேயே எழுதிடுவோம் சார்" என்றார் சிஸ்டர். ஒளிவு மறைவற்ற பதிலுக்கு நன்றி கூறினேன்.

4. இருபத்தேழு ஆண்டுகளாக போல்ட் அளக்கிறேன். அளக்காமல் அளவு எழுதியவரை எங்கள் தொழிற்சாலையில் அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். இத்தனைக்கும், போல்ட் கெட்டால் வேறு போல்ட் கிடைக்கும்.

5. சிஸ்டர்களை மட்டும் குறை சொல்லவில்லை. நாற்பது நோயாளிகளுக்கு ஒருவர். சீருடையின் அழகு கெடும் என்று நிர்வாகம் அவர்களைக் கைக்கடிகாரம் கட்ட விடுவதில்லை. வார்டு சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் கிடையாது. நிமிடமே இல்லாத இடத்தில் எதை வைத்து எண்ணுவார்கள்? யாருக்கும் மனவருத்தம் தராத ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

6. அடுத்த படுக்கையில் இருந்த கிளியம்மாளுக்கும் அதே மாத்திரைதான். நேற்று பார்க்கப் போனேன். "தலை கிர்ருன்னு கீது, சோறு எறங்கல அண்ணா" என்றார். இரண்டு முறை எண்ணினேன்: 48, 46. சிஸ்டரிடம் சொன்னேன். அட்டையைப் பார்த்துவிட்டு, "எழுபத்திரெண்டுன்னு போட்டிருக்கே சார், நல்லாத்தான் இருக்காங்க" என்றார்.

ஐயா, விசாரணைக் குழுவைப் பிறகு அமைத்துக்கொள்ளலாம். நாளை காலை எட்டு மணிக்கு கிளியம்மாளுக்கு அடுத்த மாத்திரை. அதற்கு முன் எண்ணத் தெரிந்த ஒருவரை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். தபாலில் தாமதமாகும் என்பதால் இம்மனுவை நேரில் கொண்டுவந்து கொடுத்துள்ளேன்.

தாங்கள் அனுப்பும் ஆளை வார்டு வாசலில் எதிர்நோக்கும்,
(ஒப்பம்) கா. ஹாஜா மைதீன்

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 13.3.2006

இணைப்பு:
1. அட்டையின் நகல்.
2. விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், ஒன்று. ஓடுகிறது; நானே சரிபார்த்தது.