என் இலக்கம் ஐந்து

2024 ஒக்டோபர் 12, சனி

காலையில் கீரிக் கடற்கரை வீதியில் இரண்டு வகுப்பு. முஸ்பிரா இன்னும் பிரேக்கைப் பிடி என்றால் கண்ணை மூடுகிறாள். அவளுக்கு ஸ்கூட்டி பழக்கி முடிப்பதற்குள் எனக்கு நரைத்துவிடும்.

நேற்று வேட்புமனு ஏற்றுக்கொண்டாயிற்று. பாராளுமன்றத் தேர்தல், வன்னித் தேர்தல் மாவட்டம். மூன்று மாவட்டம் சேர்ந்தது. பட்டியலில் ஒன்பது பேர். எட்டு ஆண்கள், பிறகு நான். எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

முதன்மை வேட்பாளர் காமில் ஹாஜியார் வீட்டுக்கே வந்து கேட்டார். "தங்கச்சி, தீவில பாதிப் பொம்பிளையள் உங்களிட்டத்தானே ஸ்கூட்டி ஓடப் பழகினவங்கள். நீங்க சொன்னாக் கேப்பாங்கள்." நான் கூடப்பிறந்த மூத்தவர், காக்காவைப் பார்த்தேன். வாப்பா மௌத்தாகி மறைந்த பிறகு எனக்கு வாப்பா வஸீர் காக்காதான். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் அவரே செயலாளர். "நில்லு புள்ள, நான் இருக்கிறன்" என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் கையெழுத்து வைத்தேன்.

ஆசை இல்லை என்று பொய் எழுத மாட்டேன். ஒவ்வொரு மாரிக்கும் ஊருக்குள் இடுப்பளவு தண்ணீர். கடலுக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் தீர்ந்தது. எத்தனை ஆண்கள் போய் எத்தனை கதிரையில் இருந்துவிட்டார்கள். ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

ஒக்டோபர் 19

விருப்பு இலக்கம் வந்துவிட்டது. எனக்கு ஐந்து, ஹாஜியாருக்கு மூன்று.

பெண்களுக்கு எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். முதலில் சின்னத்துக்கு ஒரு புள்ளடி, பெருக்கல் அடையாளம் போல. பிறகு கீழே உள்ள இலக்கங்களில் விருப்பமான மூன்று பேருக்கு மூன்று புள்ளடி. ஒருவருக்கு மட்டும் போட்டாலும் செல்லும். கட்சிக்குள் யாருக்குப் புள்ளடி கூடவோ அவர் போவார். ஐந்தும் போடுங்கோ, மூன்றும் போடுங்கோ. யாருக்கும் நட்டமில்லை.

ஒக்டோபர் 27, ஞாயிறு

இன்று ஊருக்குள் நான்கு வீட்டில் பெண்கள் கூட்டம். உள்வீட்டுக்குள் ஆண்கள் வரமாட்டார்கள். ஹாஜியார் வெளியே வாகனத்துக்குள் ஏசி போட்டுக்கொண்டு இருப்பார். நான் உள்ளே போய் என் கைபேசியை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அவர் அதற்குள்ளால் பேசுவார். இருபது நிமிடம் பேசினார், என் கை விறைத்துப் போனது. எனக்கு மிச்சம் இருந்தது மூன்று நிமிடம். அதற்குள் வட்டிலப்பம் வந்துவிட்டது.

மனதுக்குள் ஒரு சின்ன முள். ஒலிபெருக்கி கட்டுகிற கம்பத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சீ, தேர்தல் என்றால் இப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 3

நானாட்டானுக்குப் போனேன், தனியாக. ஹாஜியாரின் ஆட்கள் அங்கே வரவில்லை. "அங்க எங்கட வோட்டு இல்ல" என்றார்கள்.

பூமணி அக்கா இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் பழகியவர். வயலுக்கும் சந்தைக்கும் இப்போது ஸ்கூட்டியில்தான். முற்றத்தில் பாய் விரித்துப் பதினைந்து பெண்களை இருத்தியிருந்தார். "இவவின்ர கட்சி எனக்குத் தெரியாது. இவவைத் தெரியும். நான் விழுந்த நேரமெல்லாம் ஏசிப்போட்டுத் தூக்கிவிட்டவ" என்று மட்டும் சொன்னார். எனக்கு யாரும் இவ்வளவு நல்ல பிரசாரம் செய்ததில்லை. வாகனம் அனுப்பாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

நவம்பர் 9, சனி

எழுதினால் ஆத்திரம் அடங்கும் என்று எழுதுகிறேன்.

முஸ்பிரா இன்று நன்றாகத்தான் ஓடினாள். இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், உங்களுக்கும் போட்டா வோட்டுப் பழுதாகிப் போகுமாம், உண்மையா?"

"ஆர் சொன்னது?"

"நேத்து ஜும்ஆத் தொழுகை முடிய வஸீர் காக்கா பள்ளி வாசல்ல நிண்டு எல்லாருக்கும் சொன்னவராம். மூண்டாம் இலக்கத்துக்கு மட்டும் போடட்டாம். வேற இலக்கம் தொட்டா செல்லாதாம். வாப்பா வந்து எங்களுக்குச் சொன்னவர்."

வஸீர் காக்கா.

வேற ஆரும் சொல்லியிருந்தா நான் றோட்டில நிண்டு கிழிச்சிருப்பன். என்ட காக்கா. நான் வீடு வீடாப் போய்ச் சொன்னதை ஒரே ஜும்ஆவில துடைச்சு எறிஞ்சிட்டார். யா அல்லாஹ், நம்ப வச்சுக் கழுத்தறுக்கிறது எண்டு சொல்லுவாங்களே, அது இதுதானா?

நவம்பர் 10

போய்க் கேட்டேன். மறுக்கவே இல்லை மனுஷன். அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஓம், சொன்னனான். ஹாஜியாருக்குப் புள்ளடி குறைஞ்சா எங்கட பட்டியலில இருக்கிற வவுனியாக்காரன் போயிருவான். பிறகு ஊரை ஆர் பாக்கிறது?"

"ஐஞ்சுக்கும் போட்டா மூண்டுக்கு என்ன குறையும் காக்கா?"

"பொம்பிளையளுக்கு ரெண்டு இலக்கம் சொன்னாக் குழம்புவாங்கள்."

"வீதிச் சமிக்ஞை அவ்வளவையும் பாடமாக்கிச் சோதினை எழுதினவங்கள், ரெண்டு இலக்கத்தில குழம்புவாங்களோ?"

காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாய்க்கால் வெட்டித் தாறன் எண்டு ஹாஜியார் வாக்குத் தந்திருக்கிறார். உனக்கு வாய்க்கால் வேணுமோ, பாராளுமன்றம் வேணுமோ?"

"அப்ப என்னை ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"நீ இல்லாட்டி வீட்டுக்குள்ள ஆர் போறது?"

கைருன்னிசா மதினி தேத்தண்ணீரோடு வந்தவள் அப்படியே கதவடியில் நின்றாள். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 14

வாக்களித்தேன். சின்னத்துக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. மூன்றைத் தொடவில்லை.

நவம்பர் 15

ஹாஜியார் பாராளுமன்ற உறுப்பினர். எனக்கு விழுந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு. மூன்று மாவட்டத்து மண்ணிலும் சேர்த்து. எந்த ஊரில் எத்தனை என்று பிரித்துச் சொல்ல மாட்டார்களாம்.

கட்டாரிலிருந்து நஸார் போன் எடுத்தார். "பரவாயில்ல" என்றார் என் மனுஷன். பரவாயில்லையாம். தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் பரவாயில்லை.

ஊரில் வெடி கொளுத்துகிறார்கள்.

நவம்பர் 21

மருந்துக்கடையில் ஒருத்தி. "டீச்சர், எங்கட வீட்டில அஞ்சு பேரும் உங்களுக்குத்தான்." மீன் சந்தையில் இரண்டு பேர். தோட்டவெளியில் ஒரு சிஸ்டர், கன்னியர் மடம் முழுவதும் எனக்குத்தானாம். வங்கியில் காசுப் பெட்டியடியில் இருக்கிற பிள்ளை கண்ணைச் சிமிட்டுகிறது.

எனக்குப் போட்டவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். போட்டதாகச் சொல்பவர்கள் இப்போதே ஆயிரம் தாண்டிவிட்டார்கள். எல்லோருக்கும் "ஜசாக்கல்லாஹ்" என்று நன்றி சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நானாட்டானில் பூமணி அக்கா சொன்னால் நம்புவேன். மற்றவர்களை? யார் முகத்தைப் பார்த்தாலும் இவளா, இவளா என்று தோன்றுகிறது. இந்தப் புத்தி எனக்கு முன்பு இல்லை.

நவம்பர் 27

மூன்று நாளாகப் புயல் மழை. ஊர் முழுவதும் தண்ணீர். என் வீடு உயர்த்திக் கட்டியது, அதனால் காக்காவும் மதினியும் பிள்ளைகளும் இங்கேதான்.

காக்கா என் கதிரையில் இருக்கிறார், என் சோற்றைச் சாப்பிடுகிறார், என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே போய் நில் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பிள்ளைகளின் நனைந்த தலையைப் பார்த்து விழுங்கினேன்.

மத்தியானம் குசினியில் மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள். "பஹ்மி, நான் உனக்குப் போடேல்ல. உள்ள போகுமட்டும் ஐஞ்சு எண்டுதான் நினைச்சுக்கொண்டு போனனான். பேனையைக் கையில எடுத்த உடன பயம் வந்திட்டு. பழுதாகிப் போனா இவர் கேப்பாரே எண்டு."

இந்த ஊரில் எனக்கு உண்மை சொன்ன முதல் ஆள். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இரண்டு பேரும் அழுதோம். வெங்காயம் நல்ல சாட்டு.

நவம்பர் 30

ஹாஜியார் உழவு இயந்திரத்தில் வந்து அரிசிப் பொதி கொடுத்தார். படம் எடுத்தார்கள். வாய்க்கால் பற்றிக் கேட்டேன். "இப்பதானே தங்கச்சி போயிருக்கிறம்" என்றார்.

2025 மார்ச் 21, வெள்ளி

நோன்பு திறக்கக் கஞ்சி கொண்டுவந்த மதினி சொல்லிவிட்டுப் போன கதை இது.

பிரதேச சபைத் தேர்தலுக்கு எங்கள் வட்டாரத்தில் ஹாஜியாரின் கட்சி வேட்பாளர் வஸீர் காக்கா. நேற்று மனுத் தாக்கல் முடிந்துவிட்டதாம். அது இப்போது பேசிய பேச்சு இல்லை. போன ஒக்டோபரிலேயே, ஹாஜியார் என்னிடம் கேட்க வருவதற்கு முதலே, பேசி முடித்தது. மதினிக்கே இப்போதுதான் தெரியும்.

காக்கா வாய்க்கால் என்று சொன்னபோது எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனாலும் ஒரு மூலையில் மரியாதை இருந்தது. ஊருக்காக என்னை வித்தவர் எண்டு நினைச்சன். ஊருக்கில்லை. ஒரு சபைக் கதிரைக்கு.



ஏப்ரல் 25

காக்கா வந்தார். பெருநாளுக்கு உடுத்த அதே வெள்ளைச் சேர்ட். "நாளைக்கு நாலு வீட்டில பொம்பிளையள் கூட்டம் வச்சிருக்கு. நீ வந்தாத்தான் சரி வரும் புள்ள."

கூச்சம் என்பது மருந்துக்குக்கூட இல்லை. நான் "வாறன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 26, சனி

போனேன். காக்கா வெளியே பந்தலில் ஆண்களோடு. உள்ளே முப்பது பெண்களுக்கு மேல், பாதிக்கு மேல் என்னிடம் ஓடப் பழகியவர்கள். முஸ்பிராவும் இருந்தாள். அவளுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டது.

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முஸ்பிராதான் கேட்டாள். "என்ன டீச்சர் சொல்லுறீங்கள்?"

"தேத்தண்ணி நல்லாயிருக்கு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் ஆறுதலாகக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன். நான்கு வீட்டிலும் நான்கு தேத்தண்ணீர். காக்கா சந்தோஷமாக என்னை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

மே 7

காக்கா பத்தொன்பது வாக்கால் தோற்றார்.

மே 9, வெள்ளி

ஜும்ஆ முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். இருங்கோ என்றும் நான் சொல்லவில்லை, அவரும் இருக்கவில்லை. தாடி வெட்டாமல் இரண்டு நாளில் கிழவனாகிப் போயிருந்தார். யாரோ எல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும் புள்ள. பத்தொன்பதுதானே. கூடப்பிறந்தவள் செய்யிற வேலையா இது?"

அழக்கூடாது என்று மேசையைப் பிடித்துக்கொண்டேன். "நான் பொய் சொல்லேல்ல காக்கா. உங்களுக்குப் போட்டா வோட்டுப் பழுதாகிப் போகும் எண்டு நான் ஒருத்திக்கும் சொல்லேல்ல."

என்னை மடியில் வைத்துச் சோறு ஊட்டிய மனுஷன். மன்னிப்பு என்று ஒரு சொல் வரும் என்று நான் நின்றேன். இத்தனை மாதத்துக்குப் பிறகும் நின்றேன், வெட்கமில்லாமல். வந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். முற்றம் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.