மூன்றாவது அரணை

என் உயிரான அக்காவுக்கு,

மூன்று வாரமாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரியை ரந்தாவ் சாலையோரம் நிறுத்துகிறேன், இறங்கி நடக்கிறேன், மறுபடி ஏறுகிறேன். நீ உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியதை, இப்போது எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீ படித்த பல்கலைக்கழகத்திலிருந்து ஷாலினி என்ற ஆராய்ச்சியாளர் போன் செய்தார். நீ அங்கே விட்டுச்சென்ற குப்பிகளைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"அண்ணே, அக்கா மலை உச்சியில புடிச்ச அரணை மூணு இருக்கு. ரெண்டு ஒரு மாதிரி, மூணாவது வேற மாதிரி. நீங்கதானே கூடப் போனீங்க? அது எங்க கிடைச்சதுன்னு ஞாபகம் இருக்கா?"

"மேலதான்லா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பொய், அக்கா.

வாரநாளெல்லாம் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தினாய். விடுமுறையெல்லாம் ஜெலெபு பக்கத்து மலைக்கு என்னை வேன் ஓட்ட வைத்தாய். உச்சிப் பனியில் வாழும் அரணையும் நம் ரப்பர் மரத்தடியில் ஓடும் அரணையும் ஒன்றல்ல என்பதுதான் உன் கட்சி. "பாத்தா ஒண்ணுதான்டா, எண்ணிப் பாத்தா வேற," என்பாய். உடலின் நடுவைச் சுற்றி எண்ணினால் கீழே உள்ளதற்கு நாற்பத்திரண்டு வரிசைச் செதில், மேலே உள்ளதற்கு முப்பத்தாறு.

ஒரு பயணத்தில், உச்சியிலிருந்து மூன்று அரணையாவது வேண்டும் என்றாய். இரண்டு நாளில் இரண்டுதான் கிடைத்தன. மூன்றாவது உன் கையில் வாலை மட்டும் விட்டுவிட்டுப் பாறை இடுக்கில் போய்விட்டது. நான் கொண்டுவந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக்கூட நீ பிரிக்கவில்லை.

வேனைத் திருப்பி வைக்க நான் முன்னால் இறங்கினேன். மலையடியில், மதகுக் கல்லின் மேல் ஓர் அரணை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பிடித்து, 'உச்சி' என்று நீ எழுதி வைத்திருந்த துணிப்பையில் போட்டேன். "இறங்கற வழியில, உச்சிக்குக் கொஞ்சம் கீழ கிடைச்சது," என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் ஆய்வைப் பார்த்த பேராசிரியர், ஒரே உச்சியில் இரண்டு விதமும் இருந்தால் அது தனி இனமில்லை, ஒரே இனத்துக்குள் உள்ள வேறுபாடு என்று சொல்லிவிட்டார். ரஹாங்கில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லென்ஸை வைத்து அந்த மூன்றாவதை எத்தனை முறை எண்ணினாய்! ஒவ்வொரு முறையும் நாற்பத்திரண்டு. "என் கண்ணு சரியில்லடா," என்றாய். மூக்குக்கண்ணாடியை மாற்றினாய். நீ ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்தபடி எதிரே உட்கார்ந்திருந்தேன். எதற்குப் பயந்தேன்? நீ திட்டுவாய் என்றா, திட்டாமல் இருப்பாய் என்றா?

ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டாய். பிறகு நோய் வந்தது.

ஷாலினியிடம் பொய் சொன்ன நான்காம் நாள் ரஹாங்குக்குப் போனேன். அத்தான் கார் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்க் குழாயை மூடினார்.

"கடைசி வரைக்கும் அவ தன் கண்ணத்தான் குறை சொன்னா, மச்சான்."

உள்ளே வா என்று சொல்லவில்லை. தானே போய் உன் மலைக் குறிப்பேட்டை எடுத்துவந்தார். "இதக் கொண்டுபோய்க் குடு. போன்ல சொல்லாத. நேர்ல போய்ச் சொல்லு."

ஷாலினியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் மேசையில்தான் குறிப்பேட்டைப் பிரித்தோம். மூன்றாவது அரணைக்கு எதிரே உன் கையெழுத்து: 'தம்பி பிடித்தது. இடத்தை நான் பார்க்கவில்லை.'

ஷாலினி அதை இருமுறை படித்தார். "இத பேராசிரியர்கிட்ட காட்டியிருந்தாலே போதும்ணே. மூணாவத ஒதுக்கியிருப்பாங்க. ஏன் காட்டல?"

எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். காட்டினால், உன் தம்பி சொல்வதை நம்ப முடியாது என்று நீயே சொன்னதாகும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள், "உச்சியில ரெண்டு விதம் எப்படிடா இருக்கும்?" என்று கேட்டாயே. நான் சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தாயா?

போன வாரம் அனுமதிக் கடிதத்தோடு ஷாலினியும் நானும் மலை ஏறினோம். உச்சியில் நான்கு கிடைத்தன. நான்கிலும் முப்பத்தாறு. மதகுப் பக்கம் இரண்டு கிடைத்தன, இரண்டிலும் நாற்பத்திரண்டு. மரபணுச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. அது வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. ஆனால் உன் கண்ணில் குறையில்லை, அக்கா. நீ சரியாகத்தான் எண்ணினாய்.

கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் வருமாம். மூன்றாவது அரணையைப் பற்றி, "குப்பியில ஒட்டின சீட்டு மாறிப்போச்சுன்னு எழுதிடலாம்ணே, யாரும் கேக்க மாட்டாங்க," என்றார் ஷாலினி.

வேண்டாம் என்றேன். சீட்டு எழுதியது நீ. நீ எதையும் மாற்றி எழுதவில்லை. அதை மலையடியில் பிடித்து உச்சிப் பையில் போட்டது உன் தம்பி என்று, என் முழுப்பெயரோடு அச்சில் வரும். அந்த வரியில்லாமல் கட்டுரை வெளிவர விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இனி உன்னிடம் எதையும் மறைக்காத,
உன் தம்பி